மைக்கம்மாவின் பாய்

படகைக் கொண்டுவந்து பின்முற்றத்தில் நிறுத்திய அன்று மாலையே வீடு ஆடத் தொடங்கியது. படகு ஆடவில்லை. அது பாட்டுக்கு மரக்கட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வீடுதான் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்து நிமிர்ந்தது. பெரிய ஆட்டம் என்று சொல்ல முடியாது. மேசையில் வைத்த தம்ளர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்து போகும், விழாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரில் கைவைத்துப் பார்த்தார், அங்கே ஆட்டம் இல்லை. கொத்தனார் அஸ்திவாரத்தைக் குறை சொன்னார். நகரசபையிலிருந்து வந்தவர், ஆடுகிற வீட்டுக்குத் தனி வரி எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அலமாரிக் கால்களுக்கு ஆப்பு வைத்தார்கள், பாத்திரங்களைக் கயிற்றால் கட்டினார்கள், அவ்வளவுதான்.

படகை வாங்கியவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அதனால் எங்களுக்கு அவர் லிஃப்ட்காரர். வேலைக்காலம் முழுக்க மேலே போனார், கீழே வந்தார், பக்கவாட்டில் எங்கும் போனவரில்லை. தண்ணீர் அவருக்கு ஆகவே ஆகாது, குளத்தைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். படகு ஆசை அவர் மனைவியுடையது. அந்தம்மா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர். மைக்கம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். ‘பயணிகளின் அன்பான கவனத்திற்கு’ என்று அவர் தொடங்கினால், மீதிச் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பவன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பான். குரல் அப்படி. தலை நரைக்கும் வரை, ஊரில் இருந்தவர்களையெல்லாம் எங்கெங்கோ அனுப்பிவைத்தவர், தான் ஒரு பேருந்திலும் ஏறி எங்கும் போகவில்லை. நீங்கள் விடுப்பு எடுத்தால் அறிவிக்க ஆள் இல்லை என்றே மேலதிகாரிகள் சொல்லிச் சொல்லி ஓட்டினார்கள், அந்தம்மாவும் நம்பிக்கொண்டிருந்தார். பிறகு நுரையீரலில் நோய் வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. லிஃப்ட்காரர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், உனக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

“ஒரு பாய்மரப் படகு,” என்றார் மைக்கம்மா. “ஊரையெல்லாம் கிளப்பிவிட்டேன். நான் கிளம்பவே இல்லையே.”

“எனக்குத் தண்ணின்னா ஆகாதேம்மா.”

“நீங்க ஏற வேண்டாம். கரையில நின்னு கயிறை அவிழ்த்து விடுங்க, போதும். அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல.”

படகை யார் ஓட்டுவது என்று அவரும் கேட்கவில்லை, அந்தம்மாவும் சொல்லவில்லை.

துறைமுகத்துக்குப் பின்னால் நெடுங்காலமாகக் கேட்பாரற்றுக் கிடந்த படகு அது. விற்றவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பலகைகள் உளுத்துப்போயிருந்தன, சுக்கான் துருப்பிடித்து இறுகிவிட்டது, உள்ளே யார் வீட்டுக் கோழியோ முட்டையிட்டிருந்தது. பாய்மரம் இருந்தது, பாய் இல்லை. மைக்கம்மாவின் தம்பி தன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். முற்றத்துக்குள் இறக்கச் சுற்றுச்சுவரில் பாதியை இடிக்க வேண்டியிருந்தது. தண்ணீர்தான் ஆகாதே தவிர, கயிறும் கப்பியும் லிஃப்ட்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மரவேலையைத்தான் புதிதாகக் கற்றுக்கொண்டார். வீடு ஆடியதில் கட்டிலில் படுத்திருந்த மைக்கம்மா உருண்டு விழப் பார்த்தார், அதனால் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. லிஃப்ட்காரர்தான் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாளியில் வாந்தி எடுத்தார். அவருக்கு வயிறு நிற்கிற ஒரே இடம் படகு. வேலைக்கென்று அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொல்வார்.

பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துப் பிசின் பூசி முடித்த அன்று மைக்கம்மாவின் இருமல் நின்றது. சுக்கானை எண்ணெய் விட்டுத் திருப்பிய அன்று தலைச்சுற்றல் போனது. வார்னிஷ் அடித்த வாரத்தில் முகத்தில் களை வந்து, எழுந்து அடுப்படிக்குப் போனார். டாக்டர் புதுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருடைய படத்தையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டாய் என்று நர்சைத் திட்டினார். தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். லிஃப்ட்காரர் மட்டும் அதில் சேரவில்லை, ஏனென்றால் சங்கதி அவருக்குப் புரிந்துவிட்டது. வேலை நடக்கிற வரைக்கும் அவள் இருப்பாள். முடிந்துவிட்டால்?

மனுஷன் அதற்குப் பிறகு வேலையை முடிக்கவேயில்லை. பாய்மரத்தை நட்டார், கோணலாக இருக்கிறது என்று பிடுங்கினார், மறுபடி நட்டார். காய்ந்த வார்னிஷை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். நல்ல பலகையில் துளை போட்டுவிட்டு, அந்தத் துளையை அடைத்தார். எப்போது தண்ணீரில் இறக்கப்போகிறீர்கள் என்று கேட்டால், “இன்னும் ஒரு வேலை இருக்கு,” என்பார். நல்ல காற்று அடிக்கும் மாதங்கள் வந்தன, போயின, மறுபடி வந்தன. நாங்கள் கிண்டல் செய்தோம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தம்மா வாசலுக்கு வந்து நின்று கீரைக்காரியிடம் பேரம் பேசுவதைப் பார்த்தபோது, அவர் முடிக்காமலேயே இருக்கட்டும் என்றுதான் எங்களுக்கும் இருந்தது.

மைக்கம்மாவின் காதை ஏமாற்ற முடியாது. இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த ஊர் வண்டி என்று சொல்கிறவர். ஒரு காலை முற்றத்துக்கு வந்து படகின் அருகில் நின்றார்.

“என்னங்க, அது நல்ல பலகை. அதைப் போய் ஏன் துளைக்கிறீங்க?”

“உளுத்திருக்கும்மா.”

“உளுத்த பலகை இப்படியா கத்தும்? எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். “வண்டியில எல்லாரும் ஏறி உட்கார்ந்திருப்பாங்க. டிரைவர் டீ குடிக்கப் போயிட்டுத் திரும்ப மாட்டார். அப்போ அவங்க முகத்தைப் பாக்கணும் நீங்க. இறங்கவும் முடியாது, போகவும் முடியாது. என்னை அப்படி உட்கார வச்சிருக்கீங்க.”

“நீ போயிடுவே.”

“போகத்தானே வாங்கினோம்.”

அவர் துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, படகுக்குள்ளேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டில் வானொலியை நிறுத்திவிட்டார்கள்.

இனி உண்மையிலேயே பாக்கியிருந்தது பாய் ஒன்றுதான். சந்தைக்கு லாரி எடுத்துக்கொண்டு கிளம்பிய மைத்துனனிடம், நல்ல பாயாக ஒன்று வாங்கிக்கொண்டு வா, கனமாக இருக்கட்டும், சீக்கிரம் கிழியக் கூடாது என்று சொல்லியனுப்பினார். அக்கா படுத்திருக்கும் பாயின் ஓரம் பிய்ந்து கிடப்பதை அவன் பார்த்திருந்தான். சிவப்புக் கரை போட்ட புத்தம்புதுக் கோரைப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான்.

“கடையிலேயே பெரிசு இதுதான் அத்தான். ரெண்டு பேரும் தாராளமா படுக்கலாம்.”

லிஃப்ட்காரர் பாயையும் பாய்மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மைக்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது.

“டேய், படகு படுத்துத் தூங்கவாடா வாங்கிட்டு வந்தே?”

“பாய்னுதானேக்கா சொன்னாரு. பாய்னா பாய்தான்.”

“சரி விடு. எனக்கு ஆச்சு.”

அன்றைக்கே போய், பாய்மரத்துக்குத் துணிப்பாய் தைக்கச் சொல்லியிருக்க வேண்டும். லிஃப்ட்காரர் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார், பிறகு அதற்கடுத்த வாரம் என்றார். மைத்துனனின் தப்பு அவருக்கு வரமாகப் பட்டது. பொய் சொல்லாமல், பலகையைத் துளைக்காமல், ஒரு வேலை பாக்கி இருக்கிறதே. ஆனால் வேலை பாக்கி இருந்தால் மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. இருமல் திரும்பி வந்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஓடினார், தேய்க்க இடமில்லை, படகு முழுக்க வழவழவென்று இருந்தது. இனித் தேய்த்தால் பலகையில் ஓட்டைதான் விழும். பாய் தைக்கிறவரிடம் ஓடிப்போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டார். அவரும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுத் துணி வெட்டினார். அதற்குள் ஒரு மதியம், புதுப் பாயில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்த மைக்கம்மா, “கிளம்பியாச்சா?” என்று கேட்டார்.

“இன்னும் ஒரு வேலை இருக்கும்மா.”

“சரி,” என்றார். அவ்வளவுதான். வீடு ஆடுவது நின்றது.

எல்லாம் முடிந்து உறவுகள் போன பிறகு பாயைச் சுருட்டப் பார்த்தார்கள், சுருளவில்லை. அந்தம்மா படுத்திருந்த இடம் அப்படியே குழிந்திருந்தது: தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால். தண்ணீர் தெளித்தார்கள், வெயிலில் போட்டார்கள், கல் வைத்தார்கள். குழிவு போகவில்லை. துணிப்பாயும் வந்து சேர்ந்தது, அளவு கச்சிதம். சுவரை மறுபடி இடித்து, படகை லாரியில் ஏற்றித் துறையில் இறக்கினார்கள். தெருவே போயிருந்தது. துணிப்பாயை ஏற்றினால், அவ்வளவு காற்றிலும் அது ஈரத்துண்டு போலத் தொங்கியது. கப்பியைப் பார்த்தார்கள், முடிச்சைப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. லிஃப்ட்காரர் அதை இறக்கிவிட்டு, லாரியிலிருந்த கோரைப்பாயை எடுத்து மரத்தில் கட்டி ஏற்றினார். யாரும் சிரிக்கவில்லை. காற்று முதலில் தோளில் புகுந்தது, பிறகு இடுப்பில், பிறகு முழங்காலில். பாய் புடைத்து நின்றது.

படகு நகரவில்லை, ஏனென்றால் கயிறு அவர் கையில் இருந்தது. அவிழ்த்துவிட்டார், ஆனால் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடுங்க அத்தான் என்று மைத்துனன் சொல்லிப் பார்த்தான். அவருக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை. அப்போது பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி பேசியது. துறை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. “பயணிகளின் அன்பான கவனத்திற்கு. துறையில் நிற்கும் படகு புறப்படத் தயாராக உள்ளது. கயிற்றைப் பிடித்திருப்பவர், தயவுசெய்து கயிற்றை விடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.” மைக்கம்மாவின் இடத்துக்கு வந்த பெண் அந்த நேரம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாளாம், மைக் அணைத்துத்தான் இருந்ததாம். நிலையத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அது எந்த நடைமேடை என்று விசாரித்திருக்கிறாள்.

“விட்டுட்டேம்மா,” என்றார் லிஃப்ட்காரர். விட்டுவிட்டார். படகு ஆளில்லாமல் நேராகப் போனது.

அவர் வீடு திரும்பி வாசற்படியில் கால் வைத்ததும் வீடு மறுபடி ஆடத் தொடங்கியது, இன்றைக்கும் ஆடுகிறது. சில நாள் லேசாக, சில நாள் அலமாரி திறந்துகொள்கிற மாதிரி. சிவப்புக் கரைப் பாயைப் பார்த்தால் மீன்பிடிக்கிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். வாந்திக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை லிஃப்ட்காரர் தொடுவதில்லை, போட்டால் ஆட்டம் தெரியாமல் போய்விடும் என்கிறார். வெறுந்தரையில் காதை வைத்துப் படுக்கிறார். வீடு ஆடாத நாட்களில்தான் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. காற்றில்லாமல் எங்கே மாட்டிக்கொண்டாளோ என்று தெருமுனை வரைக்கும் வந்து நின்று மரங்களைப் பார்க்கிறார். போன மாதம் மைத்துனன், வெறுந்தரையில் படுத்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று திட்டி, இன்னொரு புதுப் பாய் கொண்டுவந்தான்.

“எதுக்குடா? வீட்டுலதான் பாய் இருக்கே. வெளிய போயிருக்கு.”

மைத்துனன் பதில் சொல்லப் போனான், அதற்குள் வீடு வலப்பக்கமாக நன்றாகச் சாய்ந்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா இன்னைக்கு வேகமாத்தான் போறா,” என்றான்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, லிஃப்ட்காரர் வாளியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.