செண்பகத்துக்கு ஒன்பதாம் மாத ஊசி

குழந்தையின் தடுப்பூசி அட்டை இருந்த பையை மாரிசெல்வி ரயிலிலேயே விட்டுவிட்டாள். கணவன் தங்கப்பாண்டியனுக்கு ராணுவத்தில் வேலை. பிள்ளை பிறந்ததும் ஊசி போட்டதும் ஜோத்பூரில். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தவள், மடவார் வளாகம் சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிற நாளன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அட்டை இல்லேன்னா எல்லாத்தையும் மொதல்லருந்து குத்துவீகளாக்கா?"

நர்ஸ் பானுப்பிரியா சிரித்தாள். "எதுக்கு? அங்க போட்டதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருந்தா இங்கயும் தெரியும். எந்த நம்பர் குடுத்தீக?"

குடுத்தது தங்கப்பாண்டியனின் நம்பர். ஓடிபி அவனுக்குத்தான் போகும். அவனோ டூட்டியில் இருந்தான், போன் எடுக்கவில்லை. வந்த பெண்களெல்லாம் ஊசி போட்டுக் கிளம்பிய பிறகுதான் அவனே கூப்பிட்டு எண்களைப் படித்தான்.

திரையில் எல்லாம் வந்துவிட்டது. "ஒண்ணுகூட விடுபடலை. இன்னைக்கு ஒம்பதாம் மாசத்து ஊசி மட்டுந்தான்" என்றாள் நர்ஸ். மாரிசெல்விக்கு உயிர் வந்தது.

"ஆமா, 'மாரிசெல்வி குழந்தை'ன்னுல்ல இருக்கு? இன்னும் பேரு வைக்கலியா?"

வைக்கவில்லை. மாமனாருக்குத் தன் தாய் இருளம்மாளின் பேர்தான் வேண்டும். ராஜபாளையத்தில் இருக்கும் அவள் அப்பா ரத்தினமோ, ஜோசியர் சொன்ன எழுத்தை விடமாட்டேன் என்றார். சம்பந்திகள் இருவரும் இந்தச் சண்டையில் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

"அவிய லைன்லதான இருக்காக? கேளுங்க, இப்பவே மாத்திரலாம்."

"என்னங்க, என்ன பேரு சொல்ல?"

"கல்யாணம் முடிஞ்சு செண்பகத்தோப்பு ஓடைக்குப் போனமே, அன்னைக்குப் பேசி வச்ச பேரையே சொல்லு."

அவன் மறக்கவில்லை. மாரிசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செண்பகம்னு போடுங்கக்கா."

ஊசி இறங்கியதும் செண்பகம் வீறிட்டு அழுதாள்.

விஷயத்தைக் கேட்ட மாமனார் சோறு பிசைந்த கையை நிறுத்தினார். "கவர்மெண்டுலயே ஏறிருச்சா?"

"ஏறிருச்சு மாமா."

"ஒங்கப்பா சொன்ன பேரு இல்லேல்ல?"

"இல்ல மாமா."

"அப்பச் சரி."

போனில் அப்பாவும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கொலுசோடு பஸ் ஏறி வந்தவர், சம்பந்திக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இரண்டு பேரும் மாறி மாறி, "ஏட்டி செண்பகம், இங்க பாரு" என்று கூப்பிட, பிள்ளை யாரிடமும் போகாமல் கொலுசைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது.