உருட்டு

என் அண்ணனுக்கு வாய்தான் மூலதனம். அதை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஆனான். அதை வைத்துத்தான் ரக்பி லீக் சங்கத்துக்குச் செயலாளர் ஆனான். அதே வாயால்தான் என் வீட்டுக்காரரையும் கவிழ்த்தான். கூடப்பிறந்தவனை இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் முதலில் முழுக்கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஒட்டினாற்போல என் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் வெல்டர் இல்லை, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் கரடுமுரடான திடலில் ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரர். ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்ப்பார்கள். விழுந்தவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்பக்கம் உருட்டிவிட வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பது ஒன்பதாம் நம்பரின் வேலை. ஆறு தடவை விழலாம், அதற்குள் கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அவ்வளவுதான்.

எங்கள் பையன்கள் அதற்கு ‘உருட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “உருட்டுடா, உருட்டு!” என்று இவர் கத்துவது என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பொய் அளப்பதற்கும் அதே சொல்தானே! என் அண்ணன் பேச எழுந்தாலே “சார் உருட்ட ஆரம்பிச்சுட்டாருடா” என்று பையன்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். நானும் சிரித்தேன், புத்தி கெட்டவள்.

இந்த ஆட்டத்தை இங்கே முளைக்க வைக்க என் வீட்டுக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. யாரிடம் போய்ச் சொன்னாலும் “அதான் ரக்பி இருக்கே” என்பார்கள். அது வேறு ஐயா, அதில் பதினைந்து பேர், இதில் பதின்மூன்று பேர் என்று விளக்கினால், “ஏன், ரெண்டு பேர் கிடைக்கலையா?” என்று டிப்போ மேனேஜர் கேட்டார். பெரிய மைதானத்தின் கேட்டைக்கூட எங்களுக்குத் திறக்கமாட்டார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு ரக்பி சங்கம் போதும் என்று விளையாட்டுத் துறையில் கையை விரித்துவிட்டார்கள். இவர் பழைய தண்ணீர்க் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, தானே கோல் கம்பம் நட்டார். பட்டறைப் பையன், கண்டக்டர், மீன் வண்டிக்காரன் என்று கெஞ்சிக் கூத்தாடி ஆள் சேர்த்தார்.

கடைசியில் விளையாட்டுத் துறை இறங்கிவந்தது. வெளிநாட்டு அணியோடு ஒரு ஆட்டம் ஜெயித்துக் காட்டுங்கள், அப்புறம் அங்கீகாரம் பற்றிப் பேசலாம் என்றார்கள். என் அண்ணன் அங்கே இங்கே பேசி ஆட்டமும் ஏற்பாடு செய்துவிட்டான். அதைச் செய்தது அவன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் கூடவே கடல் கடந்து ஆட்களும் வந்து இறங்கினார்கள். தாத்தா இந்த மண்ணில் பிறந்திருந்தால் பேரன் இந்த நாட்டுக்கு ஆடலாமாம், அப்படி ஒரு விதி. என்றோ கப்பலேறிப் போன தாத்தாக்களின் பேரன்கள், ஆட்டத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் தடிப்பயல்கள், கூடவே ஒரு வெள்ளைக்காரக் கோச். உள்ளூர்க்காரர்கள் நாலு பேராவது அணியில் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. கறிவேப்பிலை மாதிரி, வாசனைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணன் வீட்டுக்கு வந்தான்.

“மாப்ள, பதினேழு பேர்ல நீயும் இருக்க. பெஞ்சுலதான் ஆரம்பிப்ப. ஆனா ரெண்டாவது பாதியில உன்னை இறக்குறது என் பொறுப்பு.”

“நிஜமாவா மச்சான்?”

“பாப்பா தலைமேல சத்தியம்யா!” என்று என் தலையில் கையை வைத்தான்.

இவருக்கு நாற்பதை நெருங்குகிறது. இதைவிட்டால் இன்னொரு ஆட்டம் இவருக்கு வராது. நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை கோட்டுக்குள் இறங்க வேண்டும், ஒரு பந்தைத் தொட வேண்டும். பத்து வருஷமாக இவர் கேட்டது அது ஒன்றுதான். பதினேழாம் நம்பரை நான்தான் தைத்தேன். இரட்டைத் தையல் போட்டேன். எத்தனை பேர் பிடித்து இழுத்தாலும் பிய்ந்துவிடக் கூடாதே!

வந்தவர்களில் ஒன்பதாம் நம்பர் பையனை எங்கள் வீட்டில்தான் தங்கவைத்தார்கள். நெட்டை என்று கூப்பிட்டோம். தங்கமான பையன். இவர் அவனுக்கு எங்கள் அணியின் கூப்பாடுகளை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். “உர்ர்ருட்டு” என்று அவன் சொல்ல, வீடே சிரித்தது. தன் இடத்தில் ஆடப்போகிறவனைத் தானே தயார்செய்கிறோம் என்று இவருக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் சொல்லிக்கொடுத்திருப்பார், அப்படி ஒரு பிறவி.

ஆட்டத்தன்று டிப்போ ஜனமே மைதானத்தில் இருந்தது. நெட்டை “உருட்டு! உருட்டு!” என்று கத்தும்போதெல்லாம் நாங்கள் கைதட்டினோம். முதல் பாதி முடிவதற்குள்ளேயே நம் பக்கம் பாயிண்ட் நன்றாக ஏறிவிட்டது. இரண்டாவது பாதியில் உள்ளூர்ப் பையன்கள் மூன்று பேரை ஒவ்வொருவராக இறக்கினார்கள். இவர் கோட்டோரமாகவே ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். கோச் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, உட்காரும்படி கையைக் காட்டினார். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்து ஓடினார். இருபத்திரண்டு பாயிண்ட் முன்னால் இருக்கிறோம், இனி யாரை இறக்கினால் என்ன? இறக்கவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நான் இறங்கி இவரிடம் ஓடினேன். அதற்குள் நெட்டை வந்து நின்றான். குனிந்து, இவருடைய வலது முட்டியை மெதுவாகத் தட்டி, வலிக்கிறதா என்று முகத்தாலேயே கேட்டான். ஐயோ பாவம் என்று உதட்டைப் பிதுக்கி, இவரைக் கட்டிக்கொண்டான்.

“இவன் எதுக்கு என் முட்டியத் தட்டுறான்?” என்று இவர் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற நம் பையன்கள் மூன்று பேரும் திகைத்துப்போனார்கள். “அண்ணே, முட்டியில அடியா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!”

இவர் என்னைப் பார்த்தார். கோப்பையைப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த அண்ணனைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

“அவர் முட்டிக்கு என்னண்ணே?”

“பாப்பா, இங்க வேணாம்.”

“இங்கதான் வேணும். சொல்லு.”

“கோச் கேட்டுக்கிட்டே இருந்தாரு, அந்த வயசான ஆளு எதுக்குன்னு. ஆட லாயக்கில்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இன்னிக்குக் காலையில, வலது முட்டி போயிடுச்சு, நாலு பேர் கணக்குக்கு மட்டும் உக்காரட்டும்னு சொல்லிட்டேன். எல்லாம் மாப்ள மானத்தக் காப்பாத்தத்தான்...”

“அவ்ளோ பாயிண்ட் முன்னாடி இருந்தீங்களே! அப்பக்கூட ஒரு அஞ்சு நிமிஷம் விட்டிருக்கக் கூடாதா?”

“முட்டி போச்சுன்னு சொல்லிட்டு எப்படிம்மா இறக்குறது? பொய்யின்னு தெரிஞ்சா சங்கத்துப் பேரு என்னாகும்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அதைத் தோண்டி எடுக்கவும் முடியாமல் நின்றான்.

“என் தலையில கைவெச்சு சத்தியம் பண்ணியே. நம்பவெச்சுக் கழுத்தறுத்துட்டியே, நீ அண்ணனா?”

“ஜெயிச்சிருக்கோம் பாப்பா. நாளைக்கே மைதானம் திறந்துவிடுவான். இந்த ஆட்டம் வளரணுமா, வேணாமா?”

“நல்லா வளரட்டும். உரமாப் போட உனக்கு என் புருஷன்தான் கிடைச்சாரா?”

அவன் வாயில் வார்த்தை வரவில்லை. என் ஆயுசில் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

பஸ்ஸில் வரும்போது இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“தப்பு எங்க தாத்தா மேலதான்,” என்றார். “அவரும் கப்பலேறிப் போயிருந்தா நான் இன்னிக்கு ஆடியிருப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கப்பலேறியது எங்கள் மானம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, விசும்பி விசும்பி அழுதேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு பொட்டு மண் இல்லை. நான் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை.

மறுநாள் காலையில் டிப்போ பையன்கள் பந்தை வைத்துக்கொண்டு தெருமுனை டீக்கடையில் கூடியிருந்தார்கள். இவருக்காகத்தான்.

“நீங்க இருங்க, நான் போய்ச் சொல்றேன்,” என்றேன். “எங்கண்ணன் வண்டவாளத்த இன்னிக்குத் தண்டவாளத்துல ஏத்துறேன்.”

“வேணாம்.”

“ஏன்? அவனுக்கு என்ன பரிவட்டமா கட்டணும்?”

“செயலாளரே பொய்யன், உள்ளூர்க்காரன் கணக்குக்குத்தான்னு தெரிஞ்சா எவன் வருவான்? அடுத்த ஞாயிறு பதிமூணு பேர் தேறமாட்டாங்க. முட்டி வலின்னே இருக்கட்டும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேட் வரைக்கும் நேராகத்தான் நடந்தார். கேட்டைத் தாண்டியதும் நொண்ட ஆரம்பித்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

போகட்டும், மாட்டிக்கொள்ளட்டும், எல்லாம் வெளியே வரட்டும் என்று ஒரு கணம் பேசாமல் நின்றேன். முனையிலிருந்து பையன்கள் இவரைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

“ஏங்க!”

திரும்பினார்.

“வலது கால்,” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

தலையை ஆட்டினார். காலை மாற்றிக்கொண்டு நொண்டிப் போனார்.