கண்ணடிக்காத குடும்பம்

என் மகன் ஸ்டெபினின் இடது இமை திடீரென்று தானாக மூடித் திறக்கத் தொடங்கியது. நரம்புக் கோளாறு, மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். கறுப்புக் கண்ணாடி போட்டு ஆலயத்துக்கு வரக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். விளைவு, பாடகர் குழுவிலிருக்கும் ஜென்சியைப் பார்த்து அவன் கண்ணடிக்கிறான் என்று தாம்பரத்தில் எங்கள் சபையே பேசியது. மூன்று தலைமுறை மானம்! கோட்டு மாட்டிக்கொண்டு, டாக்டர் சீட்டுடன் ஜென்சி வீட்டுக்குப் போனேன்.

"எங்க குடும்பத்துல யாரும் கண்ணடிச்சதே இல்லம்மா. இது வியாதி."

ஜென்சியின் முகம் வாடியது. "வியாதியா அங்கிள்? ஐயோ, நானும் ஒவ்வொரு ஞாயிறும் பதிலுக்கு அடிச்சிட்டிருந்தேனே!"

அவள் அப்பா அவளை முறைத்தார். நான் சீட்டைக் கோட்டுப் பைக்குள் தள்ளினேன்.

"டாக்டருங்க சொல்றதை எல்லாம் நம்பிடக் கூடாதும்மா" என்றேன், விறைப்புக் குறையாமல்.