அடிப்பூச்சு

“ஐயோ சின்னம்மா, அதிலை கை வையாதேங்கோ! இன்னும் காயேல்லை!”

யதுர்ஷிகா பாய்ந்து வருவதற்குள் சுமித்திராச் சின்னம்மாவின் கட்டைவிரல் படத்தின் ஓரத்தில் பதிந்துவிட்டது. சின்னம்மா விரலைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைக்கப் போனவள், செத்தவீட்டுக்கென்று எடுத்துக் கட்டிய வெள்ளைச் சேலை அது என்பது ஞாபகம் வந்து, கதவு நிலையில் தேய்த்துவிட்டாள்.

“மாரிக்கு முதல் தொடங்கினது, இன்னும் காயேல்லையோ? இதென்னடி பெயின்ற்! கொம்மா தலைமாட்டிலை வைக்கச் சொல்லிக் கேட்டவா எண்டு கொப்பர் சொன்னார். அதுதான் தூக்க வந்தனான்.”

“வைக்கத்தான் வேணும் சின்னம்மா. ஆனா இது முடியேல்லை.”

“கண் கிடக்கு, மூக்கு கிடக்கு, வாய் கிடக்கு. பேந்தென்னத்தை முடிக்கிறது?”

அது யதுர்ஷிகாவுக்குத் தெரிந்திருந்தால் படம் எப்போதோ முடிந்திருக்கும். வெளியே பந்தலுக்குள் பறை ஒருமுறை முழங்கி ஓய்ந்தது. நேற்று மத்தியானம் கண்ணை மூடிய அம்மா முன்னறையில் பெட்டிக்குள் கிடந்தாள். பின்னேரம் தூக்குவது என்று பேச்சு. அதற்கிடையில் அக்கா அவளுடைய தலைமாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

படத்தில் இருந்தது அக்கா தாட்சாயினி. கடைசிச் சண்டையில், கடற்கரை மணலில், பத்தொன்பது வயதில் ஷெல்லுக்குப் போனவள். வீட்டுப் படங்கள் எல்லாம் இருந்த பை இடம்பெயர்ந்த வழியில் எங்கோ தவறிப்போனது. அடையாள அட்டையில் இருந்த முத்திரையளவு படமும் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டது. யதுர்ஷிகாவுக்கு அப்போது ஐந்து வயது. அக்கா என்றால் அவளுக்கு ஞாபகம் வருவது, பின்னாலிருந்து தலையை இழுத்து இழுத்துப் பின்னுகிற விரல்கள்தான். அந்த நோவு ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்துவிட்டு வந்த மகளிடம், சிறுநீரக வருத்தத்தோடு படுக்கையில் விழுந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அக்காவைக் கீறித் தா, யது. நான் போகேக்கை அவள் என்ரை தலைமாட்டிலை நிக்கவேணும். உயிரோடை இருந்த மாதிரி.”

கேட்டாளே தவிர, எப்படி இருந்தாள் என்று சொல்ல அம்மாவால் முடியவில்லை. “உன்னை மாதிரித்தான், கொஞ்சம் நீட்டு முகம்” என்பாள். அதற்கு மேல் துருவினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அப்பாவிடம் கேட்கும் எண்ணம் ஒருவருக்கும் வந்ததில்லை. தாட்சாயினியின் பெயர் எடுபட்டாலே அந்த மனிசன் எழும்பி மாட்டை அவிழ்க்கப் போய்விடுவார், மாடு மேய்ச்சலுக்குப் போன நேரமாய் இருந்தாலும். ஆக யதுர்ஷிகா அம்மாவின் முகத்தையும் கண்ணாடியில் தன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துத்தான் கீறினாள்.

அவள் படித்து வந்த முறை பொறுமைக்காரரின் முறை. எடுத்த எடுப்பில் தோல் நிறத்தைப் பூசக்கூடாது. முதலில் முகம் முழுவதையும் வெள்ளையும் சாம்பலுமாக மட்டும் தீட்ட வேண்டும். குழி, மேடு, நிழல் எல்லாம் அந்தச் சாம்பலிலேயே முடிந்துவிட வேண்டும். அது காய்ந்தபிறகு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறத்தை, கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியதாக ஒரு பூச்சு. அது காய வேண்டும். பிறகு இன்னொன்று. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் போகப்போக, அடியில் கிடக்கிற சாம்பல் மேலே கசிந்து, தோலுக்குக் கீழே ஓடுகிற நரம்பு மாதிரித் தெரியும். உயிர் வருவது அப்படித்தான் என்று படிப்பித்தவர்கள் சொன்னார்கள். மாரிக் குளிரில் ஒவ்வொரு பூச்சும் காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாம்பல் பூச்சு முடிந்த அன்று அவள் படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா எழும்பி உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஓம். அவள்தான்” என்றாள்.

யதுர்ஷிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாபகத்தில் இல்லாத முகத்தைக் கீறிப் பிடித்துவிட்டாளே! அம்மா அன்று இரவு சாப்பிடாததையும், மறுநாள் காலையில் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னதையும் அவள் வருத்தத்தின் கணக்கில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. முதல் நிறப்பூச்சைப் பார்த்த அம்மா, “உள்ளுக்கை கிடக்கிறது தெரியுது, யது” என்றாள். அடுத்த பூச்சுக்கும் அதையே சொன்னாள். மூக்கைப் பற்றியோ வாயைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. “இன்னும் தெரியுது, பிள்ளை.”

“அது தெரியத்தான் வேணும் அம்மா. அதுதான் இந்த முறையின்ரை வடிவே” என்று மகள் பெருமையாக விளங்கப்படுத்துவாள். அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

போகப்போக யதுர்ஷிகாவுக்கே அந்தப் படத்தோடு தனியே இருக்கப் பயம் பிடித்தது. நேரே நின்று பார்த்தால் மாநிறப் பெண் ஒருத்தி. பக்கத்து யன்னல் வெளிச்சத்தில் குறுக்கே பார்த்தால், அந்தத் தோலுக்குக் கீழே வேறு ஒருத்தி, நிறமே இல்லாதவள், விழித்துக்கொண்டு கிடந்தாள். குசினிக்குப் போகும்போது அவள் படத்தின் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டாள். வீட்டில் யாரோ கூடுதலாக இருக்கிறார்கள் என்ற எண்ணம் விடவில்லை. தண்ணி குடிக்க எழும்பினாலும் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போவாள்.

முந்தநாள் கடைசியாக ஒரு பூச்சுப் பூசி அம்மாவுக்குக் காட்டினாள். அம்மாவின் கண்ணில் வெளிச்சம் குறைந்திருந்த நேரம். கையை எடுத்துப் படத்தின் பக்கம் நீட்டினாள். எட்டவில்லை.

“இன்னும் தெரியுதடி” என்றாள். மகளோடு அவள் கதைத்த கடைசிக் கதை அதுதான். பெற்றவள் கேட்ட ஒரே ஒரு பொருளைச் சரியாகச் செய்து கொடுக்காமல் அனுப்பப் போகிறோமே என்று யதுர்ஷிகாவுக்கு அழுகை வந்தது. எது பிழை என்று தெரிந்தால் அல்லவா திருத்தலாம்!

“எங்க புள்ள, கையக் குடு.”

அழகம்மா வாசலில் நின்றாள். மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துக்காரி. கடைசிச் சண்டையில் அம்மாவும் அவளும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள். வருசத்துக்கு ஒருமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தால் அம்மாவைப் பார்க்காமல் பஸ் ஏறமாட்டாள். யதுர்ஷிகாவின் கையைப் பிடித்து அழுதவள், நிமிர்ந்தபோது யன்னல் ஓரத்தில் நின்ற படத்தைக் கண்டாள்.

அழுகை அப்படியே நின்றது. “ஐயோ சாமி” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாமி? அக்காதான். சரியா இருக்கோ?”

“நெறத்துக்குக் கீழ... அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு.” அழகம்மா படத்தைப் பார்க்காமல் யதுர்ஷிகாவைப் பார்த்தாள். “ஒங்கம்மா சொல்லலையா?”

“என்னத்தை?”

அழகம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்தப் புள்ள ஒடம்புல பெரிய காயம் கெடையாது. மேலெல்லாம் சாம்பல். வெடிச்ச புழுதியும் கரியும். காலையில மடியில போட்ட ஒங்கம்மா, பொழுது சாயுற வரைக்கும் குடுக்கலயே. சீலத் தலப்பால மூஞ்சத் தொடச்சுக்கிட்டே இருந்தா. தண்ணி ஏது? தொடைக்கத் தொடைக்க அந்தச் சாம்பல் போகல. நாந்தான் புடுங்கி எடுத்து மண்ணத் தள்ளினேன்.” அவள் மூக்கைச் சிந்தினாள். “போன பொங்கலுக்குக் கூடச் சொன்னா. ‘மகளை நினைச்சா எனக்கு அந்த முகம்தான் வருது அழகம்மா. அதுக்கு முந்தின முகம் வருதே இல்லை. சின்னவள் கீறித் தந்தால் வரும்’னு.”

யதுர்ஷிகா அப்படியே தரையில் குந்திவிட்டாள். அம்மா ‘அவள்தான்’ என்று சொன்னது எதைப் பார்த்து என்பது இப்போது விளங்கியது. அந்தச் சாம்பலை மூடித் தா என்றுதான் அம்மா கெஞ்சியிருக்கிறாள். படித்த மகளோ, பிணத்தை அடியில் வைத்து, மெல்லிசு மெல்லிசாக மேலே துணி போர்த்தி, உள்ளே தெரிவதுதான் வடிவு என்று மாதக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறாள். தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அடித்துக்கொண்டாள்.

“பாவி, நான் பாவி!”

“நீ என்ன கண்டே புள்ள...”

யதுர்ஷிகா எழுந்து வெளியே வந்தாள். ஐயர் வந்து கும்பம் வைக்கத் தொடங்கியிருந்தார். பந்தலின் ஓரத்தில், பிளாஸ்டிக் கதிரையில், அப்பா பரமேஸ்வரன் சால்வையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். யதுர்ஷிகா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, அக்கா உயிரோடை எப்பிடி இருந்தவா?”

அப்பா எழும்பினார். வழக்கம்போல மாட்டுக்கொட்டில் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்றார்.

“நீங்கள் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே” என்றார்.

“நீங்கள் எழும்பிப் போவியளே அப்பா.”

“நான் வேறை எங்கை போக? நான் அவளின்ரை பிரேதத்தைக் காணேல்லை பிள்ளை. ஷெல்லடிக்கை இருட்டினாப் பிறகுதான் திரும்பி வரக் கிடைச்சுது, அதுக்கிடையிலை தாட்டுப்போட்டினம். கஞ்சிக்கு லைனிலை நிக்க என்னை அனுப்பினதே அவள்தான். நீ என்ரை தோளிலை இருந்தனி. வாளியைத் தந்திட்டு, ‘அப்பா, தங்கச்சி குடிச்சு முடிச்சிடுவாள், வாளியைப் பாத்துக்கொள்ளுங்கோ’ எண்டு சிரிச்சவள்.” அவருடைய வாய் கோணியது. “எனக்கு அவள் அந்தச் சிரிப்போடைதான் நிக்கிறாள்.”

“வாங்கோ. வந்து சொல்லுங்கோ.”

அறைக்குள் வந்த அப்பா படத்தைப் பார்த்ததும், “இதார்?” என்றார்.

அவ்வளவு போதும். யதுர்ஷிகா மெல்லிய தூரிகைகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். எண்ணெய்க் குப்பியை மூடினாள். நிறத்தைக் குழாயிலிருந்து அப்படியே பிதுக்கி, வெள்ளையும் மண்ணிறமும் சிவப்பும் சேர்த்து, தட்டைக் கத்தியால் வழித்து எடுத்து, அந்தக் கன்னத்தின் மேல் அப்பினாள். ஈரத்தின் மேல் ஈரம். படிப்பித்தவர்கள் கண்டால் கையைப் பிடித்து வெளியே விடுவார்கள். வெடிக்கும், சுருங்கும், வருசக்கணக்காகக் காயாது. காயாமல் போகட்டும்.

“வலக்கன்னம்தான் முதல் சிரிக்கும்” என்றார் அப்பா பின்னாலிருந்து. “மற்றது பேந்துதான் வரும். இன்னும் கறுப்பு, பிள்ளை. வெயிலுக்கை சைக்கிளிலை திரிஞ்சு மூக்கு கறுத்துப்போய் நிக்கும். கொம்மா அதுக்கு நெடுகப் பேசுவா. ஓம்... இன்னும்... சொண்டு அப்பிடி இல்லை. கீழ்ச்சொண்டைப் பல்லாலை கடிச்சுக்கொண்டுதான் சிரிப்பாள்.”

அவள் கத்தியை விட்டுவிட்டு விரலாலேயே பூசத் தொடங்கினாள். நெற்றியில் தெரிந்த சாம்பல் போனது. கண்ணைச் சுற்றியிருந்த சாம்பல் நிழல் போனது. இரண்டு தரம் சின்னம்மா வந்து, “கெதியா வாங்கோ, ஐயர் கூப்பிடுறார்” என்று கதவைத் தட்டினாள். மூன்றாம்தரம் வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “தாட்சா!” என்று நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா முன்னறைக்குப் போய்க் கதிரை ஒன்றை எடுத்து அம்மாவின் தலைமாட்டில் வைத்தார். யதுர்ஷிகா படத்தின் விளிம்பைப் பிடித்துக் கொண்டுவந்து அதில் சாய்த்தாள். அழகம்மா பக்கத்தில் வந்து, நேராகப் பார்த்தாள். குறுக்கே, யன்னல் பக்கமிருந்தும் குனிந்து பார்த்தாள்.

“தெரியல புள்ள” என்றாள். “ஒண்ணும் தெரியல.”

யதுர்ஷிகா வாய்விட்டு அழுதது அப்போதுதான். பறை முழங்க அந்தச் சத்தம் அதற்குள் போய்விட்டது.

அறுகம்புல்லில் எண்ணெய் தொட்டு வைத்தார்கள். சுண்ணம் இடித்தார்கள். கடைசியாக வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டபோது, “பிள்ளை முதல் போடட்டும்” என்று சின்னம்மா அரிசித் தட்டை நீட்டினாள். யதுர்ஷிகாவுக்குக் கை கழுவ ஞாபகம் இருக்கவில்லை. ஒரு பிடி அள்ளினாள். அரிசி விரல்களில் ஒட்டியது. அம்மாவின் முகம் வருத்தத்தாலும் இரவு கழிந்ததாலும் சாம்பல் பூத்துக் கிடந்தது. குனிந்து அரிசியை வாயில் போட்டவள், தாங்கமாட்டாமல் அந்தக் கன்னத்தைத் தடவினாள். கையை எடுத்தபோது, அம்மாவின் கன்னத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கறுத்த மாநிறம் ஒட்டியிருந்தது, வெயிலில் திரிந்து வந்த பெண்ணின் நிறம்.

“அச்சச்சோ, பெயின்ற்!” சின்னம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு துடைக்கக் குனிந்தாள்.

“விடு, சுமித்திரா” என்றார் அப்பா.

சின்னம்மா தலைப்பை விட்டாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அரிசி போட்டார்கள். கன்னத்தில் விழுந்த அரிசியில் இரண்டு மூன்று நழுவாமல் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, மூடியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.