யாருக்கு முதலிடம்

அகத்தாவுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. யார் வந்து எதைக் கேட்டாலும் பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிடுவாள். சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார இது ஆகிற குணமா? 1986-இல் அங்கே இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதற்குத் தகவல் நாடாக்களை ஓட்டும் டேப் டிரைவ் இரண்டு. எந்த வேலை முதலில் ஓட வேண்டும், எதற்கு எத்தனை டிரைவ் என்று எண்களைப் போட்டு வைப்பது அவள் பொறுப்பு.

அன்று காலை ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மோரிஸ் வந்தார். அவளுடைய ஞானத்தகப்பன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"நாளைக்கு பினாங்குலேருந்து பெரிய மேனேஜர் வராரு. என் ஸ்டாக் கணக்க மொதல்ல போட்டுரும்மா."

தலையாட்டினாள். அவர் போனதும், தொழிலாளர்களை ஏற்றிவரும் பஸ்களைக் கவனிக்கும் ராமையா வந்து நின்றார்.

"இன்னிக்கு ஷிப்டு மாறுது தங்கச்சி. அஞ்சு மணிக்குள்ள பேரு லிஸ்ட்டு வேணும்லா. லிஸ்ட்டுல இல்லாத எடத்துல டிரைவர் நிறுத்த மாட்டான்."

அதற்கும் தலையாட்டினாள்.

இரண்டு வேலைக்குமே இரண்டு டிரைவும் வேண்டும். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. யாரைக் காக்க வைப்பது? 'இரண்டும் கிடைத்தால்தான் தொடங்கு' என்றிருந்ததை 'ஒன்று கிடைத்தாலே தொடங்கு' என்று மாற்றி, இருவருக்கும் முதலிடம் கொடுத்தாள். அவளுக்கு அப்படி ஒரு நல்ல மனசு.

மத்தியானத்துக்கு மேல் இரண்டும் நின்றுவிட்டன. ஸ்டாக் கணக்கு ஒரு டிரைவைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குக் காத்திருந்தது. பஸ் லிஸ்ட் அந்த மற்றதைப் பிடித்துக்கொண்டு இதற்குக் காத்திருந்தது. விருந்துக்கு வந்தவர்களில் ஒருவருக்குச் சோற்றையும் இன்னொருவருக்குக் குழம்பையும் மட்டும் பரிமாறிய கதைதான். ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தியதை அடியிலிருந்து திரும்ப ஓட்ட வேண்டும்.

அவள் அக்கா கேதரினும் அதே தொழிற்சாலைதான்; அன்றிலிருந்து இரவு ஷிப்டு. புக்கிட் செலம்பாவில் பஸ்ஸுக்கு நிற்பாள். இன்னொரு நாள் வராவிட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

அகத்தா மோரிஸைக் கூப்பிட்டாள். "மாமா, ஒங்க கணக்க நிறுத்தணும்."

"காலையிலேருந்து ஓடுதே! பஸ்ஸோடத நிறுத்து."

"அக்காவுக்கு வேல போயிரும் மாமா."

"நான் மட்டும் மேனேஜர் முன்னால வெறுங்கையோட நிக்கவா? ஞானஸ்நானத்துல ஒன்ன கையில ஏந்துனவன்டி நான்!"

பயத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவர் வேலையை நிறுத்தினாள். மோரிஸ் விருட்டென்று வெளியே போனார்.

ஐந்து மணிக்குள் லிஸ்ட் ராமையா கைக்குப் போனது. அகத்தா 'இரண்டும் கிடைத்தால்தான் தொடங்கு' என்ற பழைய அமைப்பையே திரும்பப் போட்டாள். பஸ்ஸுக்கு முதலிடம், ஸ்டாக்குக்கு இரண்டாமிடம். ஆனாலும் அறையைப் பூட்டும் நேரமாகிவிட்டதால் ஸ்டாக் கணக்கை மறுநாள் காலைதான் அடியிலிருந்து ஓட்ட முடிந்தது; மேனேஜர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது வந்தது. மோரிஸ் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஞாயிறு பூசையில் அவள் பக்கம் திரும்பவேயில்லை. அவளுக்கு நற்கருணை வாங்கப் போகவே கால் கூசியது.

அடுத்த வாரம் மோரிஸ் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றார். "இன்னிக்காவது என்னோடத மொதல்ல போடுவியா?"

"முடியாது மாமா. பஸ்ஸுதான் மொதல்ல." வேலை வரிசை எழுதிய தாளைக் காட்டினாள். "ஒங்களோடது ஆறு மணிக்கு வந்துரும்."

அவர் அவளையே பார்த்தார். திரும்பிப் போனார். ஆறு மணிக்கு வந்தபோது தாள்கள் மேசைமேல் தயாராக இருந்தன. எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"ஒங்கக்காவ நேரத்தோட வந்து நிக்கச் சொல்லு," என்றார். "பஸ்ஸ விட்டுறப் போறா."