பின் சீட்டில் கேட்ட தமிழ்

"மெதுவா பேசுங்க, பாப்பா பின்னாடி இருக்கா."

"இருந்தா என்ன? தமிழ்லதானே பேசுறோம். அவளுக்கு என்ன புரியப் போகுது?"

சிக்னலில் கார் நின்றபோது அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது இது. பின் சீட்டில் கண்ணை மூடிக் கிடந்த பாப்பாவுக்கு அப்போது ஆறு வயது. எல்லாமே புரிந்தது.

இப்போது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இன்னும் பாப்பாதான். அவளிடம் இருவரும் பிழைக்க வந்த இந்த ஊர் மொழியில்தான் பேசுவார்கள். கதவைப் பூட்டு, மழை வரும், குடை எடு என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. அதே அம்மா தமிழுக்குத் தாவினால் வேறு ஆள். "மூளையை இன்னும் பிரிக்காம புத்தம் புதுசா வச்சிருக்கீங்களே!" என்பாள். சண்டைக்கு நடுவில் அப்பாவே சிரித்துவிடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் பாப்பா வாயைப் பொத்திக்கொள்வாள். தமிழ் தெரியும் என்று காட்டிக்கொண்டால் இதையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

ஒருநாள் பெரியப்பா குடும்பம் வருவதாக இருந்தது. தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பாப்பாவிடம், வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தால் போதும் என்று அப்பா இந்த ஊர் மொழியில் சொன்னார். பிறகு அம்மா பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"இவ வாயைத் திறக்காம பார்த்துக்கோ. தமிழ் தெரியாதுன்னு அண்ணன் முன்னாடி மானம் போயிடும்."

"யாரால? பள்ளிக்கூடத்துல குழம்பிடுவா, தமிழ் வேண்டாம்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"சொல்லிக் குடுத்திருந்தா மட்டும் ஏறியிருக்குமாக்கும். மரமண்டை!"

தட்டு மேசையில் ணங்கென்று விழுந்தது.

"யாரு மரமண்டை?" என்று தமிழில் கேட்டாள் பாப்பா.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னை வச்சுக்கிட்டே எத்தனை வருஷமா என் தலையை உருட்டுறீங்க! எனக்குக் காது இல்லையா? வெட்கம் கெட்ட ஜென்மங்களா!"

வார்த்தையும் அம்மாவுடையது, அந்த உச்சக் குரலும் அம்மாவுடையது. பாப்பாவுக்கு வாய்த்த தமிழ் எல்லாமே சண்டைத் தமிழ். கோபத்துக்கு வேண்டிய மட்டும் கொட்டிக் கிடந்தது. வேறு எதற்கும் அவளிடம் வார்த்தை இல்லை.

அம்மா பதறிப்போய் இந்த ஊர் மொழியில் ஏதோ ஆரம்பித்தாள்.

"அதுல பேசாதே!" பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, குரல் மட்டும் இறங்கவில்லை. "அப்பாகிட்ட பேசுற மாதிரி என்கிட்டயும் பேசித் தொலையேன்ம்மா!"