ஐந்து நிமிடத் தூரம்

தொலைபேசி அலறிய அலறலில் அன்ரனெற்றின் கையிலிருந்த தேநீர் தளும்பி விசைப்பலகையில் சிந்தியது. புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மல்வேர்னில் பத்து வருடமாக விமானச் சீட்டு விற்கிறாள். ஆனால் 2009 மே மாதத்து அந்த வாரம் சீட்டுக் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஊரில் நடக்கிற போரை நிறுத்தச் சொல்லிச் சனமெல்லாம் பதாகையோடு வீதியில் நின்றது.

“அக்கா, நான் இரத்தினவேல். றாங்கின் இன்லெற்றிலையிருந்து கதைக்கிறன்.”

றோட்டே போய்ச் சேராத வடதுருவப் பக்கத்து ஊர். போன மாதக் கடைசியில் அங்கே ஹோட்டல் சமையல் வேலைக்கு அவனை ஏற்றி அனுப்பியதே அன்ரனெற்தான்.

“சொல்லும் தம்பி.”

“கேம்பிரிட்ஜ் பேக்கு இண்டைக்கே போகவேணும். கொம்பியூட்டரிலை பார்த்தனான். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர், ஒண்டரை மணித்தியாலம் எண்டு கிடக்கு.”

“உது படத்திலை கோடு கீறிப் பார்க்கிற தூரம். அந்தக் கோட்டிலை பிளேன் ஓடாது. யெலோநைஃப் போய் மாறவேணும். பொறும், பார்க்கிறன்.”

பிசுபிசுத்த விசைகளைத் தட்டினாள். அன்று செவ்வாய்.

“வெள்ளிக்கிழமைதான் இடம் கிடக்கு. அதுவும் பனிமூட்டம் விட்டால்.”

“சாமான் ஏத்திற பிளேன் எண்டாலும் பரவாயில்லை, அக்கா.”

“நீர் என்ன உருளைக்கிழங்கோ, மூட்டை கட்டி ஏத்த?”

எதற்கும் சிரிக்கிறவன் சிரிக்கவில்லை. அன்ரனெற் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் மனைவி பிரதீபாவும் மூன்று வயது மகளும் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருப்பது அவளுக்குத் தெரியும். பிரதீபாவின் தமையன் அன்புராசாதான் கேம்பிரிட்ஜ் பே என்ற இன்னொரு வடக்கூரில் இருக்கிறான். பிரதீபாவுக்கு மனப்பாடமான நம்பர் அந்தத் தமையனுடையது ஒன்றுதான். இரத்தினவேலின் புது நம்பர் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவள் அழைப்பு எடுத்தால் அங்கேதான் மணியடிக்கும். எடுப்பாளா என்பது யாருக்கும் தெரியாது.

அன்ரனெற் வின்னிபெக் வழியாகத் தேடினாள். எட்மன்ரன் வழியாகத் தேடினாள். எப்படிச் சுற்றினாலும் வெள்ளிக்கிழமைதான் வந்து நின்றது. இத்தனை வருடத்தில் ஆரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்தவளுக்கு, இப்போது கை ஓடவில்லை.

“தம்பி, பிரதீபா எடுத்தால் அன்புராசா உடனே உமக்குச் சொல்லுவார்தானே? நீர் அங்கை போய் என்ன செய்யப்போறீர்?”

 

“நான்தான் அவளோடை கதைக்கவேணும், அக்கா. போன மாதம் சனமெல்லாம் ஆமிப் பக்கம் வெளிக்கிடேக்கை, தானும் வரட்டோ எண்டு கேட்டவள். கொம்பியூட்டரிலை இதே மாதிரிக் கோட்டுத் தூரத்தைப் பார்த்திட்டு, ‘வவுனியா ஐஞ்சு நிமிசம்தான், ஷெல்லடி ஓயட்டும், பிள்ளையோடை அவசரப்படாதை’ எண்டு மறிச்சது நான்.”